தாளம் வராது, விசா வரும்

சாருக்கு முன்னால் வைத்த மைக்கை நாங்கள் ஒருநாளும் ஆன் செய்ததில்லை. ஒயர் இருக்கும். மேடையைச் சுற்றிக்கொண்டு மிக்ஸர் வரைக்கும் போகும். அங்கே போய் எதிலும் செருகாமல் படுத்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியாது. கச்சேரி முடிந்ததும் சவுண்ட் போடுகிறவனிடம் போய், "நம்ம டேம்பரின் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சோ?" என்று கவலையோடு கேட்பார். "கரெக்டா இருந்துச்சு சார்" என்பான் அவன். அது பொய்யில்லை.

எங்கள் இன்னிசைக் குழுவின் ஒத்திகை அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையில் நடக்கும். நான் அதில் பாடகி. பகலில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பார், அவரை மாஸ்டர் என்போம். சார் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எங்களில் யாரும் இல்லை; நானும் அந்தப் பழக்கத்தை இப்போது மாற்றப்போவதில்லை. தொழிற்சாலையின் ஆயுத பூஜைக் கச்சேரியை வருஷா வருஷம் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த நன்றிக்காக மாஸ்டர் அவர் கையில் சலங்கைத் தட்டு வைத்த ஒரு டேம்பரினைக் கொடுத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்.

அவருக்குத் தாளம் வராது என்றால் அடியோடு வராது என்று அர்த்தமில்லை. வரும், எல்லோரும் போன பிறகு வரும். சில நேரம் யாரும் கிளம்புவதற்கு முன்னாலேயே வந்து காத்திருக்கும். சராசரி எடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டைச் சராசரியில் பாட முடியாது.

தாளம் பாபுவிடம் இருந்தது. பூந்தமல்லியில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்த டோலக் வாசிப்பவன். பாபு பின்னால் உட்கார்ந்தால் எனக்குப் பாதி வேலை குறைந்துவிடும். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அவன் கை சொல்லும். நான் சரணத்தில் ஒரு வரியை மறந்துபோன நாட்களில், மறந்தது யாருக்கும் தெரியாதபடி அந்த இடத்தை வாசித்தே நிரப்பிவிடுவான்.

முதல் வெளிநாட்டு அழைப்பு வந்தது. அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் அங்கே போக வேண்டியிருக்கலாம். குளிர் நாடு, அதில் ஒரு தமிழ்ச் சங்கம், பொங்கல் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தது. இவ்வளவு போதும்.

காலையிலேயே போய்த் தூதரக வாசலில் வரிசையில் நின்றோம். செல்போன்களை எதிரே இருந்த டீக்கடையில் ஒப்படைத்திருந்தோம். எல்லோரும் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்தியிருந்தோம்; முகம் மட்டும் சாவு வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள். பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டால் விசா கிடைத்தது என்று அர்த்தம். இடுக்கு வழியாக வெளியே தள்ளினால் இல்லை.

நீ கலைஞன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பாபுவைக் கேட்டார்கள். அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த கல்மேடையில் பத்து விரல்களையும் வைத்தான். கொஞ்ச நேரம்தான் வாசித்தான். வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காவலுக்கு நின்றவரின் பூட்ஸ் தன்னை அறியாமல் தரையைத் தட்டியது. நன்றாக இருக்கிறது என்றார் அதிகாரி. பிறகு, போனால் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்.

"அம்மா கீது சார், பூந்தமல்லில. அத்த உட்டுட்டு எங்க போவேன்?"

"சொந்த வீடு இருக்கா?" என்று அந்த அம்மாள் அதிகாரியின் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"வாடகை ஊடு."

"கல்யாணம்?"

"பாத்துகினு கீறாங்க."

"பேங்க்ல எவ்வளவு இருக்கு?"

பாபு சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட் வெளியே வந்தது.

நான் அப்போது கல்யாணமாகாத பெண். என் பாஸ்போர்ட் அதைவிட வேகமாக வெளியே வந்தது.

அடுத்து சார் போய் நின்றார். நிரந்தர வேலை, துறையின் அனுமதிக் கடிதம், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், வெள்ளானூரில் சொந்த மனை. ஒவ்வொரு தாளாகப் புரட்டப் புரட்ட, சாமி புறப்பாட்டைப் பார்க்கிறவர்போல் அதிகாரியின் முகம் கனிந்தது. வழக்கத்தை விடக்கூடாது என்று, கொஞ்சம் தட்டிக் காட்டுங்கள் என்றார். சார் தட்டினார். இது சரியான வீடுதானா என்ற சந்தேகத்தோடு கதவைத் தட்டுகிறவன் தட்டுவதுபோல் இருந்தது. "அருமை" என்று சொல்லி அதிகாரி பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே டீக்கடையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். சார் பாபுவின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, வருத்தப்படாத. அவங்க உலகம் பூரா வித்துவான்களைப் பாத்தவங்க. உன் வாசிப்புல ஏதோ ஒரு குறை தெரிஞ்சிருக்கும். நல்லா சாதகம் பண்ணு. அடுத்த தடவை கிடைச்சிரும்."

பாபு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "இன்னாக்கா இது. கலாய்க்கிறாரா, நெஜமாத்தான் சொல்றாரா?"

நிஜமாகத்தான் சொன்னார். சாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒன்றுதான். கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் தப்புச் செய்வார் என்று அவரால் நினைக்கவே முடியாது. ஒருமுறை ஆவடியிலிருந்து அவரோடு ரயிலில் வந்தேன். டிக்கெட் பரிசோதகர் அவருடைய சீசன் டிக்கெட்டைப் பார்த்தார், தேதியைத் தப்பாகப் படித்தார், முடிந்துபோய்விட்டது என்றார். முடியவில்லை, நானே பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டார். திருமுல்லைவாயலில் இறங்கி அபராதம் கட்டிவிட்டு அடுத்த ரயிலில் அம்பத்தூர் வந்து சேர்ந்தார்.

"ஏன் சார், தேதி சரியாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"அவரு தெனம் எத்தனை சீசன் பாக்குறாரு. நாம ஒண்ணே ஒண்ணுதான பாக்குறோம். அவரு சொன்னா சரியாத்தான்மா இருக்கும்."

அந்த முதல் பயணத்துக்கு மாஸ்டரும் சாரும், வங்கியில் வேலை பார்த்த ஒரு புல்லாங்குழல்காரரும்தான் போனார்கள். மிச்ச வாத்தியங்களெல்லாம் பென்டிரைவில் போயின. பென்டிரைவுக்கு விசா கேட்பதில்லை. திரும்பி வந்ததிலிருந்து சார் வேறு ஆளாகிவிட்டார். ஆயுத பூஜை பேனரில் தன் படத்துக்குக் கீழே 'அயல்நாடு புகழ்' என்று போடச் சொன்னார். ஒத்திகையில் பாபுவைத் திருத்தினார்.

"அங்கல்லாம் இப்படி அடிக்கிறதில்ல தம்பி."

"எங்க சார்?"

"அங்க."

அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முத்திரை குத்தியவர்களை நம்பினார். அவர்கள் தன்னை வித்துவான் என்று சொன்னதாக நினைத்தார், அவ்வளவுதான். அவர்கள் சொன்னது 'இந்த ஆள் திரும்பி வந்துவிடுவான்' என்பது மட்டும்தான். அந்த வித்தியாசத்தை அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆயுத பூஜை வருஷா வருஷம் வருகிறதல்லவா.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு பயணம் என்று ஆனது. மாஸ்டரும் பிழைக்கக் கற்றுக்கொண்டார். கிட்டார் ஆள் வேண்டுமென்றால் 'என்ன வாசிப்பான்' என்று கேட்ட காலம் போய், 'பட்டா யார் பேர்ல இருக்கு' என்று கேட்க ஆரம்பித்தார். வானகரத்தில் இரண்டு ஃபிளாட் வாடகைக்கு விட்டிருந்த ஒருவரை கோரஸ் பாட்டுக்குச் சேர்த்தார். அவருக்குக் குரல் இல்லை. உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவைத்தோம், அதை நன்றாகச் செய்தார். இடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த தடவை அதே கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பாடுவாயா என்று யாரும் கேட்கவில்லை. "வீட்டுக்காரரும் கூட வர்றாரா?" என்றார் அந்த அம்மாள். இல்லை, இங்கேயே இருப்பார் என்றேன். பாஸ்போர்ட் உள்ளே போனது. இத்தனை வருஷம் நான் சாதகம் செய்த பாட்டுக்குக் கிடைக்காததை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிக் கொடுத்தார்.

பாபுவுக்கு அந்தத் தடவையும் இல்லை. ஆனால் இந்த முறை சங்கத்துக்காரர்கள் கண்டிப்பாக டோலக் வேண்டும், மேடையில் ஆள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாபு வாசித்ததைப் பதிவு செய்து எடுத்துப் போவது. பாபுவின் டோலக்கையும் எடுத்துப் போவது. சார் அதை வைத்துக்கொண்டு அடிப்பதுபோல் கையை அசைப்பது.

"அப்டியே என் கையையும் வெட்டிக் கொண்டுபோய் அவருக்கு ஒட்டிடு மாமே" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு பாபு ஒத்திகையிலிருந்து எழுந்து போனான்.

மறுநாள் சார் பூந்தமல்லிக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். பாபு அதை என்னிடம் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. "சும்மா கையை ஆட்டுறது மரியாதையா இருக்காது தம்பி. எனக்குக் கத்துக்குடு. நீ சொன்னபடி கேக்குறேன்" என்றாராம். பாபுவின் அம்மா காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டதால் அவனால் துரத்த முடியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. பாபு சொன்னதை சார் அப்படியே கேட்டார். இடது கையைத் தளர்த்து என்றால் தளர்த்தினார். இந்த ஒரு தாளச் சொல்லை மட்டும் வாசி, வேறு எதுவும் கூடாது என்றால் வாரம் முழுக்க அதையே வாசித்தார். இத்தனை வருஷம் எங்கள் யார் சொல்லும் ஏறாத கை அது. ஏனென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவரைப் பொறுத்தவரை பாபு இப்போது கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

குளிர் நாட்டு மண்டபத்தில் கச்சேரி நன்றாகவே போனது. பாபுவின் டோலக் ஸ்பீக்கரில் ஒலித்தது, சாரின் கை அதன்மேல் அசைந்தது. கடைசிக்கு முந்தைய பாட்டு, எல்லோரையும் எழுந்து ஆட வைக்கும் குத்துப் பாட்டு. சரணத்துக்கு வரும்போது பதிவு செய்த டிராக் நின்றுபோனது. பாபு நின்றுவிட்டான். அரை மூச்சுக்குப் பிறகு பின்னால் டோலக் கேட்டது, என் மைக் எட்டிப் பிடித்த அளவுக்கு. மெலிசாக, பயந்துகொண்டு, ஆனால் நிற்காமல். சார்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவர் பயந்துவிடுவார். அவர் போகிற வேகத்துக்குப் பாட்டை மடித்துக்கொண்டே போனேன். சரணம் முடியும்போது அந்தக் குத்துப் பாட்டு கிட்டத்தட்டத் தாலாட்டாகியிருந்தது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கத் தலைவர் மேடைக்கு வந்து, பழைய பாட்டுக்குப் புது உணர்ச்சி கொடுத்துவிட்டீர்கள் என்று சாருக்குச் சால்வை போர்த்தினார். எது டிராக், எது கை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சால்வையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"அது நின்னு போச்சாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப, நான்தானா?"

"நீங்கதான் சார்."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகும் சால்வையைப் பற்றிப் பேசினாரே தவிர இதைப் பற்றிப் பேசவில்லை. யாரும் முத்திரை குத்தாமலே ஒரு மனிதர் சந்தோஷமாக இருப்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டபோது வானகரத்துக்காரரைக் காணோம். இரண்டு ஃபிளாட்டையும் மனைவியையும் மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு, உதட்டை அசைத்தவர் ஆளையே மறைத்துவிட்டார். திரும்பி வர அத்தனை காரணங்கள் இருந்தவர் அங்கே தங்கிவிட்டார். ஒரு காரணமும் இல்லாத பாபு, பூந்தமல்லியில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

அதற்கடுத்த வருஷம் சார் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வெள்ளானூர் மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். மகளுக்குக் கல்யாணமாகி ஓசூரில் பிரசவம். மனைவி அங்கேயே தங்கிவிட்டார். சார் தனியாக டோலக் வாசித்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார். பாபு வேலையில்லாத நாட்களில் பைக்கில் போய் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பான். உண்மையைச் சொல்ல வேண்டும்: தாளம் வந்துவிட்டது. பெரிய வாசிப்பு இல்லை, ஆனால் உட்கார்ந்து பாடலாம். அந்த ஆடி மாதம் வெள்ளானூர் அம்மன் கோயில் கச்சேரியில் மாஸ்டரே சவுண்ட் ஆளைக் கூப்பிட்டு, சாரின் மைக்கைச் செருகச் சொன்னார்.

அதே வருஷம் மார்கழியில் மறுபடியும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். சாருக்கு அடுத்து நான், அதனால் எல்லாம் காதில் விழுந்தது. அதிகாரி புதியவர்.

"உங்க குழுவுல ஒருத்தர் திரும்பி வரலையே?" என்றார் மொழிபெயர்க்கும் அம்மாள்.

"ஆமாங்க, வரல" என்றார் சார்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

"ரிட்டயர் ஆயிட்டேங்க."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. சம்சாரம் மக வீட்ல."

"அப்ப திரும்பி வந்து என்ன பண்ணுவீங்க?"

சார் இதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவருக்காகத் தொழிற்சாலை சொல்லியிருக்கிறது, மனைப் பத்திரம் சொல்லியிருக்கிறது.

"வாசிப்பேங்க" என்றார்.

அந்த அம்மாள் மொழிபெயர்த்தார். தட்டிக் காட்டுங்கள் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் வெளியே வந்தது. சார் அதை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். டீக்கடையில் நிற்காமல் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபுவும் நானும் வெள்ளானூருக்குப் போனோம். போனை எடுப்பதில்லை என்று கவலையாக இருந்தது. சார் நன்றாகத்தான் இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். ஓசூருக்கே போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். சில மாதங்களில் போயும்விட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. டோலக்கைக் காணோமே என்று பாபு தேடினான். உரச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார்.

"தை மாசக் கச்சேரி ஒண்ணு வருது சார். இங்கதான், பக்கத்துல. நீ வந்து டோலக்குல குந்து, நான் ரிதம் பேடு வாசிக்கிறேன்" என்றான் பாபு.

"வேணாம்பா. எனக்கு வராது."

"இன்னா வராது? ஆடில நீதான வாசிச்ச? ஊரே கேட்டுச்சே."

"இத்தனை வருஷம் எப்படியோ அவங்களுக்குத் தெரியாம ஓடிருச்சு. இப்ப கண்டுபிடிச்சுட்டாங்க." சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. பரீட்சை முடிவு வந்துவிட்ட நிம்மதி இருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாபுவுக்கும்தான். டீ டம்ளரைத் தரையில் வைத்தான்.

"சார், உனக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். வருதா வரலயான்னு நான் சொல்லணும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால குந்திகினு கீறானே, அவனுக்கு இன்னா சார் தெரியும்? தாளம்னா கிலோ இன்னா வெலன்னு கேப்பான்."

சார் பதறிப்போய் வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. எதிர் மனையில் எல்லைக் கல்லில் ஒரு மாடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு தம்பி. நீ இன்னும் அப்ளை பண்ணணும்" என்று தணிந்த குரலில் சொன்னார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.